மேகத்திலிருந்து உதித்த சூரியன்



பெங்களூரில் வசிக்கும் நம் சபைக் குடும்பம் ஒன்றின் அழைப்பின்பேரில், ஒரு தை மாதத்தில் சித்தூர் மாவட்டத்திலுள்ள அவர்களது சொந்த ஊராகிய ராமகுப்பத்துக்குச் சென்றிருந்தேன். இரவு ஜெபம் முடிந்து, கேழ்வரகுக் களி உண்டபின் முற்றத்தில் அமர்ந்திருந்தோம். மின்சாரம் நின்றுபோயிற்று. நகரத்திலே பிறந்து வளர்ந்த அவ்வீட்டுப் பெண்பிள்ளை, அத்தனை நட்சத்திரங்களை முதன்முறையாகக் கண்டு வியந்து நின்றாள். பின்பு என்னருகே வந்து, "ஐயா, சூரியனும் பூமியும் ஒரு வாயு மேகத்திலிருந்து உண்டாயின என்று எங்கள் டீச்சர் சொல்லுகிறார்கள். அப்பா அது பொய் என்கிறார். பரீட்சையில் நான் எதை எழுதுவது?" என்று கேட்டாள். தகப்பனார் என் முகத்தையே நோக்கினார்.

அந்தப் பார்வை என்னைச் சுட்டது. வேதாகமக் கல்லூரியை முடித்து வந்த புதிதில் இதே காரியத்தை நான் பிரசங்க பீடத்திலிருந்து பரிகசித்ததுண்டு. "மேகம் சூரியனாகுமாம்!" என்றேன், சபையார் நகைத்தார்கள். இயற்பியல் பயின்றுகொண்டிருந்த ஒரு வாலிபன் மட்டும் நகைக்கவில்லை. அடுத்த ஞாயிறு முதல் அவன் வரவுமில்லை. நான் பரிகசித்தது இன்னதென்று நானே ஒருநாளும் வாசித்திருக்கவில்லை. அதற்குப் பின்புதான் வாசித்தேன். வாசித்ததை அன்றிரவு அப்பிள்ளைக்குச் சொன்னேன்.

உச்சிக்குச் சற்றுத் தெற்கே ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் நின்றன. அவற்றுக்குக் கீழே மங்கலான புகைபோல ஒன்று தெரிந்தது. ஏறக்குறைய 1,300 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள மாபெரும் வாயு மேகம் அது. அதனுள் இன்றைக்கும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. ஏறத்தாழ 457 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நம் சூரியன் பிறந்ததும் அத்தகைய மேகம் ஒன்றிலிருந்தே. அதில் மிகப்பெரும் பங்கு ஹைட்ரஜனும் ஹீலியமும்; நூற்றில் ஓரிரு பங்கு மாத்திரமே மற்றத் தனிமங்கள்.

மேகத்தின் ஒரு பகுதி தன் சொந்த ஈர்ப்பினால் உள்நோக்கிச் சுருங்கத் தொடங்கியது. தட்டாமாலை சுற்றும் பிள்ளை விரித்த கைகளை உடலோடு சேர்த்துக்கொண்டால் வேகம் கூடுகிறதல்லவா? அதுபோலவே மெதுவாகச் சுழன்ற மேகமும் சுருங்கச் சுருங்க விரைந்து சுழன்றது. மேலிருந்தும் கீழிருந்தும் வாயு தடையின்றி நடுவை நோக்கி விழுந்தது. பக்கவாட்டிலோ சுழற்சி அதைத் தடுத்தது. ஆகவே மேகம் தட்டைப்போல் பரந்தது. நடுவில் திரண்ட வாயு நெருங்கிக் கொதித்து, மையத்தின் வெப்பம் ஒரு கோடி டிகிரியைத் தாண்டியபோது ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து ஹீலியமாகத் தொடங்கின. சூரியன் நிலைபெற்றது. நம் சூரிய மண்டலத்தின் மொத்தப் பொருளில் நூற்றுக்கு 99.8 பங்குக்கு மேல் சூரியனிலேயே அடங்கியுள்ளது. மீந்த சிறுபங்கிலிருந்துதான் நாம் குடியிருக்கும் இப்பூமியும் உண்டாயிற்று.

சுற்றியிருந்த தட்டில் தூசித் துகள்கள் ஒட்டிக் கற்களாயின. கற்கள் மோதித் திரண்டு கோள்களாயின. சூரியனுக்கு அருகே வெப்பம் மிகுந்திருந்ததால் பாறையும் உலோகமுமே திடமாய் நிலைத்தன. அவற்றால் பூமி போன்ற கோள்கள் அமைந்தன. தொலைவிலோ பனிக்கட்டியும் சேர்ந்ததால் பெருங்கருக்கள் வளர்ந்தன. அவை வாயுவையும் இழுத்துக்கொண்டு வியாழனும் சனியுமாயின.

"இதை யார் ஐயா கண்டார்கள்?" என்று தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்விதான். இக்கருத்தை 1755-இல் ஜெர்மானிய அறிஞர் காண்டும், 1796-இல் பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாசும் முன்வைத்தார்கள். கோள்கள் யாவும் ஏறக்குறைய ஒரே தளத்தில், ஒரே திசையில் சூரியனைச் சுற்றுவதே அவர்களுக்குக் கிடைத்த தடயம். விண்கற்களிலுள்ள யுரேனியம் ஈயமாக மாறியிருக்கும் அளவைக் கொண்டு அவற்றின் வயதைப் பின்னாளில் கணித்தார்கள். 2014-இல் சிலி நாட்டிலுள்ள ஆல்மா தொலைநோக்கிகள், ஏறத்தாழ 450 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஓர் இளம் நட்சத்திரத்தைச் சுற்றி, இடைவெளிகளோடு கூடிய தட்டு ஒன்றைப் படம்பிடித்தன. கோள்கள் உருவாகிறதன் அடையாளமாக அவ்விடைவெளிகளைக் கருதுகிறார்கள்.

ராமகுப்பத்திலிருந்து நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள், ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1988-இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு குறுங்கோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. குறுங்கோள்கள், கோளாய்த் திரளாமல் அக்காலத்திலிருந்தே மீந்துபோன துண்டுகளும் சிதறல்களும் ஆகும். வீடு கட்டி முடித்தபின் முற்றத்தில் கிடக்கும் செங்கல்லைக் கொண்டு சுவர் எதனால் ஆனதென்று அறிகிறோமல்லவா?

தகப்பனாரிடம் ஒன்று கேட்டேன்: "சகோதரரே, கடல்நீர் ஆவியாகி, மேகமாகி, மழையாய்ப் பெய்கிறதென்று நீங்கள் பள்ளியில் படித்தீர்களே, அதற்குப்பின் உங்கள் நிலக்கடலைக்காக மழை வேண்டி ஜெபிப்பதை நிறுத்திவிட்டீர்களா?" அவர் புன்னகைத்தார். "மழைமேகத்தின் வழியை அறிந்ததால் குன்றாத விசுவாசம், இந்த மேகத்தின் வழியை அறிவதால் மட்டும் குன்றிவிடுமோ?" என்றேன்.

பிள்ளையிடம், "டீச்சர் கற்பித்ததையே எழுது, அம்மா, மனப்பாடமாயல்ல, விளங்கிக்கொண்டு எழுது" என்றேன். சற்றுநேர மௌனத்துக்குப் பின் தகப்பனார் எழுந்து, மகளின் தோளில் கைவைத்து, "அந்தப் புகை எங்கே இருக்கிறது? எனக்கும் காட்டு" என்றார்.

பெற்றோரே, பாடப்புத்தகத்துக்கும் தகப்பனுக்கும் நடுவே பிள்ளையை நிறுத்தி, இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள் என்று வற்புறுத்தாதிருங்கள். அறியாததைப் பரிகசிப்பது விசுவாசமாகாது. அன்று எழுந்துபோன வாலிபன் இப்பக்கத்தை வாசிப்பானாகில், அன்று நகைத்த போதகன் அவனிடத்தில் மன்னிப்புக் கேட்கிறான் என்று அறிந்துகொள்வானாக.