அப்பாவின் துப்பாக்கியை ஆன்லைனில் விற்கலாமா? போட்டோ போட்டாலே வில்லங்கம்!

பழைய பைக்கை விற்க வேண்டுமா? நாலு போட்டோ எடுத்து ஆன்லைனில் போட்டால் சாயங்காலத்துக்குள் ஆள் வந்துவிடும். கட்டில், பிரிட்ஜ், செல்போன் எல்லாம் இப்படித்தான் கைமாறுகிறது. இதே நினைப்பில் வீட்டில் இருக்கும் லைசென்ஸ் துப்பாக்கியை விற்கக் கிளம்பினால்? கம்பி எண்ண வேண்டியதுதான்.

புதுச்சேரியில் துப்பாக்கி என்றால் பணக்காரர் வீட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் பேங்க், நகைக்கடை, பணம் ஏற்றும் வேன் என்று கன்மேன் வேலைக்குப் போவது வழக்கம். சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் கையில் இருந்தால் வேலை கிடைப்பது சுலபம் என்று டபுள் பேரல் வாங்கி வைத்தவர்கள் உண்டு.

உடம்பில் தெம்பு இருக்கும் வரை அது சோறு போட்ட துப்பாக்கி. பெரியவர் கண்ணை மூடிவிட்டால் குடும்பத்துக்குத் தலைவலி. காரிய செலவு, கடன் எல்லாம் கழுத்தை நெரிக்கும்போது பீரோவுக்குள் இருக்கும் துப்பாக்கி மீது பார்வை போகிறது.

"எதுக்கு மச்சான் ஆபீஸ் ஆபீஸா அலையுற? நம்பர் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடு, குரூப்ல தட்டிவிடு" என்று யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்?

வெளிநாட்டுத் துப்பாக்கியாக இருந்தால் ஆசை இன்னும் கூடும். 1980களின் நடுவில் தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததில் இருந்து, பழைய வெளிநாட்டு சரக்குக்கு எப்போதும் கிராக்கிதான்.

சட்டம் என்ன சொல்லுது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு, லைசென்ஸ் இல்லாத விற்பனையை மட்டும் தடுக்கவில்லை. விற்பனைக்கு என்று காட்டுவது, விற்க முன்வருவது எல்லாவற்றையும் சேர்த்தே தடுக்கிறது. அதாவது பணம் கைமாற வேண்டும் என்பதுகூட இல்லை. 'விலைக்கு இருக்கு, போன் பண்ணவும்' என்று போட்டதையே போலீஸ் கையில் எடுக்க முடியும்.

2019 டிசம்பரில் வந்த திருத்தம் தண்டனையை ஏகத்துக்கு ஏற்றிவிட்டது. முன்பு 3 முதல் 7 ஆண்டு. இப்போது குறைந்தபட்சமே 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை! லைசென்ஸ் இல்லாமல் வாங்கி வைத்திருந்தவருக்கு 2 முதல் 5 ஆண்டு. வாங்கினவனை விட வித்தவனுக்குத்தான் அடி பலம்.

அப்போ விற்கவே முடியாதா? தாராளமாக முடியும். அதே 5-வது பிரிவிலேயே வழி இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு லைசென்சோடு வைத்திருப்பவர், அதை வைத்துக்கொள்ளத் தகுதி உள்ள இன்னொருவருக்கு விற்கலாம். ஆனால் விற்கப்போகும் விஷயத்தையும், வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ, பக்கத்து போலீஸ் ஸ்டேஷன் அதிகாரிக்கோ முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்து 45 நாள் கழிந்த பிறகுதான் துப்பாக்கி கைமாற வேண்டும்.

இந்த 45 நாள் சும்மா இழுத்தடிக்க வைத்தது அல்ல. வாங்குகிற ஆள் யார், லைசென்ஸ் அசலா, கேஸ் கீஸ் இருக்கிறதா என்று போலீஸ் பார்ப்பதற்கான அவகாசம். வாங்குபவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அவரிடம் ஏற்கனவே 2 துப்பாக்கி இருந்தால் கதை முடிந்தது. முன்பு ஒருவர் 3 வைத்திருக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 தான்.

புதுச்சேரி நகரவாசிகள் போக வேண்டிய இடம் வழுதாவூர் சாலையில் உள்ள கலெக்டர் ஆபீஸ். விற்றவர் லைசென்சில் இருந்து துப்பாக்கி நீங்க வேண்டும், வாங்கியவர் லைசென்சில் ஏற வேண்டும். இரண்டும் நடக்காமல் பணத்தை மட்டும் வாங்கினால், நாளைக்கு எங்கேயோ வெடித்த துப்பாக்கியின் நம்பர் நேராக வித்தவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். ஏற்கனவே நாட்டு வெடிகுண்டோடு மல்லுக்கட்டும் புதுச்சேரி போலீஸ் இதைச் சாதாரணமாக விடுமா?

அரசாங்கமும் ஆன்லைனுக்கு வந்துவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். லைசென்ஸ் மனு, புதுப்பிப்பு எல்லாவற்றுக்கும் மத்திய உள்துறையின் இணையதளம் இருக்கிறது. ஒவ்வொரு லைசென்சுக்கும் தனி அடையாள எண் உண்டு. அந்த எண் இல்லாத பழைய புத்தகத்தைக் காட்டி 'என்கிட்ட லைசென்ஸ் இருக்கு' என்று ஒருவர் வந்தால் உஷார்! ஆனால் அங்கே நடப்பது மனு வேலை. துப்பாக்கி வியாபாரம் அல்ல. அமெரிக்காவிலேயே தனியார் துப்பாக்கி விற்பனைப் பதிவுகளுக்கு 2016 ஜனவரியில் பேஸ்புக் தடை போட்டது.

கோட்டக்குப்பம் கணக்கு

ஊர் அமைப்பும் நமக்கு ஒரு சிக்கல். முத்தியால்பேட்டையில் இருந்து கிழக்கு கடற்கரை சாலையில் காலாப்பட்டுக்குப் போக வேண்டும் என்றால் நடுவில் கோட்டக்குப்பம் வருகிறது. அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு! லைசென்சில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கிறதோ அங்கே மட்டும்தான் துப்பாக்கியைக் கொண்டுபோகலாம். வாங்குபவருக்குக் காட்டலாம் என்று பையில் போட்டு பைக்கில் கிளம்பினால், கால் மணி நேரத்தில் மாநில எல்லையைத் தாண்டிய கேஸ் ஆகிவிடும்.

மோசடி ஆசாமிகள் வேறு. 'நான் மிலிட்டரி, அட்வான்ஸ் அனுப்புறேன், லைசென்ஸ் போட்டோ அனுப்பு' என்பார்கள். லைசென்ஸ் படமும் துப்பாக்கி நம்பரும் போய்விட்டால், அதை வைத்துப் போலி லைசென்ஸ் அடிக்க எவ்வளவு நேரமாகும்? பைக் விற்று ஏமாந்தவர் போலீசுக்குப் போகலாம். கள்ளத்தனமாகத் துப்பாக்கி விற்று ஏமாந்தவர் எந்த முகத்தோடு போவார்?

பெரியவர் இறந்துவிட்டால்...

லைசென்ஸ்தாரர் இறந்தவுடன் அந்த லைசென்ஸ் மகனுக்குத் தானாக வந்துவிடாது. துப்பாக்கியைத் தாமதம் இல்லாமல் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். தோட்டாவையும் சேர்த்துத்தான். மறக்கிறவர்கள் தோட்டாவைத்தான் மறக்கிறார்கள்.

ஒப்படைத்தால் போனது போனதுதான் என்ற பயம் பலருக்கு. அதனாலேயே பீரோவில் பூட்டி வைக்கிறார்கள். ஆனால் 21-வது பிரிவின்படி வாரிசுக்கு உரிமை அப்படியே இருக்கிறது. அவர் தன் பெயரில் லைசென்ஸ் வாங்கித் திரும்பப் பெறலாம், அல்லது தகுதியானவருக்கு விற்று பணத்தை எடுத்துக்கொள்ளலாம். கெடு தாண்டியும் கேட்காமல் கிடந்தால்தான் அரசுக்குப் போகும்.

பெரியவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசு ஒருவர் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். அண்ணன் தம்பி சண்டை இருக்கும் வீடுகளில் இது அங்கேயே நின்றுவிடும்!

ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது துப்பாக்கி நம்பர், தோட்டா எண்ணிக்கை எல்லாம் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் துப்பாக்கியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வாங்கி வரும் கன்மேன்களுக்கு இது பழகிய வேலை. வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் அந்த ரசீது எங்கே இருக்கிறது என்பதே தெரிவதில்லை.