செக்கு மட்டும் போதுமா?

ஓட்டப்பிடாரத்திலே வ.உ.சி. பிறந்த இல்லம் நினைவகமாயிற்று, நன்று! ஆனால், தோழர்களே, 1906-ல் வெள்ளையனை எதிர்த்துச் சுதேசிக் கப்பல் சங்கம் கண்ட அந்தச் செம்மல், 1908-ல் 40 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தது எங்கே? கோவைச் சிறையிலே! செக்கைக் காத்துவிட்டோம். மதிலும் கொட்டடியும் மறைந்துவிட்டால், "இந்தக் கல்லை எங்கே இழுத்தார்?" என்று நாளைய பிள்ளை கேட்பானே!

1837-ல் எழுந்த சென்னை மத்தியச் சிறையை 2009-ல் இடித்துத் தள்ளினோம். மருத்துவமனை விரிய இடம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஓர் அறைகூடவா மிஞ்சக்கூடாது? கல்கத்தாவின் அலிப்பூர்ச் சிறையோ 2022-ல் அருங்காட்சியகமாயிற்று. வங்கத்துக்கு வந்த எண்ணம் வண்டமிழ் நாட்டுக்கு வராதா?

கோவைச் சிறை ஊருக்கு வெளியே மாறும் நாளில், கைதிகள் போகட்டும், கட்டடம் நிற்கட்டும். சுண்ணாம்பால் செப்பனிடுங்கள், சிமெண்டால் மூடிவிடாதீர்கள்!