எலும்பு ரசம்

போடிநாயக்கனூர்க் கறிக்கடைகளில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சற்று நேரம் நின்று கவனித்தால் ஒரு விசித்திரம் புலப்படும். வருகிறவர்களில் பலர், "அண்ணே, எலும்பு வேண்டாம்; தனிக்கறியாகப் போடுங்கள்" என்கிறார்கள். கடைக்காரரும் தராசில் ஏறிவிட்ட நெஞ்செலும்பை எடுத்து ஒரு புறம் தள்ளுகிறார். வாங்கியவர் ஏதோ பெரிய லாபம் அடைந்துவிட்டவர் போல் பையை வீசிக்கொண்டு நடக்கிறார். அப்புறம் மளிகைக் கடைக்குள் நுழைந்து, 'சூப்' பொடிப் பொட்டலம் ஒன்றும் வாங்கிக்கொள்கிறார்! அந்தப் பொட்டலத்தில் பெரும்பாலும் மாவும் உப்பும் இருக்கின்றன என்பதை அதன் முதுகில் அச்சடித்திருக்கும் பட்டியலே சொல்லும். அதைப் படிக்க யாருக்கு அவகாசம் இருக்கிறது?

இந்த வாரம் எலும்பு ரசத்தைப் பற்றி எழுதப் போகிறோம். மரக்கறி உணவுக்கார நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம், நமக்கு வருத்தமில்லை.

முதலில் 'மிச்ச எலும்பு' என்றால் என்ன என்பதைத் தெளிவு செய்துகொள்வோம். மேனாட்டுச் சமையல் நூல்களில், சுட்ட இறைச்சியை மேஜையில் அரிந்து உண்டபின் எஞ்சும் எலும்பைத் திரட்டிப் பானையில் போடச் சொல்லியிருப்பார்கள். நம் வீடுகளில் அது நடவாத காரியம். இலையில் விழுந்தது எச்சில். அதை மறுபடி அடுப்பில் ஏற்ற எந்தப் பாட்டி சம்மதிப்பாள்? ஆகவே நாம் சொல்லுவது, கறியைக் கழுவி நறுக்கும்போதே, குழம்புக்குச் சேராமல் ஒதுக்கி வைத்த எலும்பு. நல்லி, நெஞ்செலும்பு, கழுத்து இவையெல்லாம் உத்தமம். தீயில் வாட்டிச் சுரண்டிய ஆட்டுக்கால் ஒன்று கூடச் சேர்ந்தால் ரசம் விரலில் ஒட்டும்.

அரைக் கிலோ எலும்புக்கு இரண்டு லிட்டர் ஜலம் போதும். நல்லியை அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டிப் பிளந்துகொள்ள வேண்டும். உள்ளே உள்ள மஜ்ஜை அப்போதுதான் வெளியே வரும். பச்சைத் தண்ணீரிலேயே எலும்பைப் போட்டு அடுப்பில் வைப்பது நல்லது. சூடு ஏற ஏற அழுக்கு நுரை மேலே திரளும். அதைப் பொறுமையாகக் கரண்டியால் வழித்து எடுத்த பிறகே மஞ்சள் தூள், பத்துச் சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, சிறு துண்டு இஞ்சி எல்லாம் சேர வேண்டும். அதற்குமேல் தளதளவென்று கொதிக்க விடுவது பிசகு. கொழுப்பும் ஜலமும் கலங்கி ரசம் குழம்பிவிடும். முணுமுணுவென்று நாலு மணி நேரம் கிடக்கட்டும். பாதியாகச் சுண்டிய பிறகு வடிகட்டி, மிளகும் சீரகமும் கொத்துமல்லி விதையும் தேக்கரண்டிக்கு ஒன்றாக இடித்துப் போட்டு, ஒரு தக்காளியைப் பிசைந்து விட்டு, கறிவேப்பிலையுடன் ஒரு கொதி வந்ததும் இறக்கலாம். உப்பு கடைசியில்தான். ஆரம்பத்திலேயே போட்டால், சுண்டச் சுண்டக் கரிப்பு ஏறிக்கொண்டே போகும்.

மிளகு மட்டும் கடைப் பொடியாக இருக்கக் கூடாது என்பது நம் பிடிவாதம். ஏலத்தோட்டத்து நிழல் மரங்களில் கொடியேறிக் காய்க்கும் மிளகு கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்போது, பழைய பொடியை ஏன் தேட வேண்டும்? "ஏலம் ஏலம்விடும் ஊர்க்காரர்களாயிற்றே, ஏலக்காய் இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு: ஒரே ஒரு காய், நசுக்கி, இறக்கும் சமயத்தில் போடலாம். இரண்டு போட்டால் ரசத்துக்குப் பாயசத்தின் சாயல் வந்துவிடும்.

நாலு மணி நேரம் என்றோமே, அது போடியில் உள்ள கணக்கு. போடிமெட்டு ஏறி மலைத் தோட்டங்களுக்குப் போனால் கணக்கு மாறும். ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஜலம் கொதிக்கும் உஷ்ணம் ஒரு டிகிரி குறைகிறது. 1,200 மீட்டர் உயரத்துத் தோட்டக் குடியிருப்பில் சுமார் 96 டிகிரியிலேயே பானை கொதிக்கத் தொடங்கிவிடும். கொதிக்கிறதே ஒழிய எலும்பு எளிதில் இளகாது. மலையில் பருப்பு வேகவில்லை என்று மாமியார் மருமகளைக் குறை கூறுவதற்கு முன் இந்தப் பௌதிக சாஸ்திரத்தையும் சற்று யோசிப்பது நியாயம்.

குக்கர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மூடிய கலத்தில் நீராவியின் அழுத்தம் ஏறும்போது ஜலத்தின் உஷ்ணம் 120 டிகிரியை ஒட்டிப் போய்விடுவதால், முதல் விசில் வந்தபின் சிறு தீயில் முக்கால் மணி நேரமே போதும். இந்தக் குக்கரின் பாட்டனார் பிறந்ததே எலும்புக்காகத்தான் என்பது நேயர்களில் பலருக்குத் தெரிந்திராது. டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் லண்டன் ராயல் சொஸைட்டியில் ஒரு கலத்தைக் காட்டினார். கடினமான மாட்டெலும்பையும் ஆட்டெலும்பையும் மெத்தென்று ஆக்குவதே அதன் வேலை. ஆவி மிஞ்சிக் கலம் வெடிக்காமலிருக்க, எடை தொங்கவிட்ட ஒரு அடைப்பானையும் அவரே அமைத்தார். இன்று நம் அடுக்களையில் கூவுகிற குண்டுக்கு அது மூதாதை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். எலும்பு வெந்து இளகும்போது அதில் உள்ள கொலாஜன் என்ற பொருள் ஜெலட்டினாக மாறி ஜலத்தில் இறங்குகிறது. ரசம் ஆறியதும் கட்டியாக உறைவது இதனால்தான். "எலும்பின் சத்தெல்லாம் இறங்கிவிட்டது, ஏழைகளுக்குக் கறியே வேண்டாம், இந்தச் சாறே போதும்" என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில் சிலர் புறப்பட்டார்கள். ஆஸ்பத்திரிகளில் ஏழை நோயாளிகளுக்கு எலும்பு ஜெலட்டின் கஞ்சி ஊற்றினார்கள். சந்தேகம் எழுந்தது. மஜாந்தி என்ற உடலியல் அறிஞரின் தலைமையில் விஞ்ஞானக் கழகம் ஒரு குழு அமைத்தது. ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் இளைத்து இளைத்து மாண்டன என்று 1841-இல் அந்தக் குழு அறிவித்தது. காரணம் பின்னால் தெரிந்தது: உடம்பு தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத ட்ரிப்டோஃபான் என்ற அமிலம் ஜெலட்டினில் அறவே இல்லை.

சுண்ணாம்புச் சத்தாவது இறங்குகிறதா? அதுவும் அற்பமே. குழந்தைகளுக்குப் புகட்டும் எலும்புச் சாற்றை 1934-இல் லண்டனில் மக்கான்ஸ், ஷெல்டன், விடோஸன் என்ற மூவர் சோதித்துப் பார்த்து, பாலுக்கு அது ஈடாகாது என்று முடிவு கூறினார்கள். எலும்பின் சுண்ணாம்பு வெந்நீரில் லேசில் கரையாது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறதே, அது எந்த நல்லியிலிருந்தும் ஒரு கோப்பைச் சாற்றில் வராது.

இதை இவ்வளவு விஸ்தரிப்பதற்குக் காரணம் உண்டு. நாம் பாடம் சொல்லும் பிள்ளைகளில் பலருடைய தாய்மார், விடியுமுன் ஜீப்பில் ஏறி எல்லைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று காயெடுத்து, இருட்டும் வேளையில் இறங்கி வருகிறவர்கள். சாரல் நனைத்த சரிவில் ஒருத்திக்குக் கால் வழுக்கி எலும்பு முறிந்தால் அன்றோடு கூலியும் நின்றுவிடுகிறது. "நல்லி ரசம் குடித்தால் எலும்பு கூடிவிடும்" என்று அண்டை அயலார் சொல்லுவார்கள். மூன்று வேளையும் ரசமும் சோறுமே அவளுக்கு ஆகாரமாகிறது. ரசம் வைத்த எலும்பில் ஒட்டியிருந்த கறித்துணுக்குக்கூட ஆண்பிள்ளைகள் தட்டுக்குப் போய்விடுகிறது! சாறு நோயாளிக்கு, சதை திடகாத்திரருக்கு என்ற இந்தப் பங்கீட்டை வகுத்தவர் யாரோ. நமக்கு அவர்மேல் கோபம்தான் வருகிறது. முறிந்த எலும்பு கூடுவதற்குப் புரதமும் சுண்ணாம்பும் வேண்டும். முட்டை, பருப்பு, பால், கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை இவற்றில் வீட்டுக்கு இயன்றதை அவளுக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ரசத்தையும் ஒரு கிண்ணம் வையுங்கள். நாக்குக்கு ருசி தட்டும், பசி எழும், தொண்டைக்கு இதமாக இருக்கும். ரசத்தின் பெருமை அவ்வளவே. அது குறைந்த பெருமையும் அல்ல. அதிலேயே பருப்பை வேகவைத்தால் குறையும் பெரும்பாலும் நீங்கிவிடும்.

எஞ்சிய ரசத்தை அடுப்பு மேடையில் இரவெல்லாம் விட்டுவைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அந்நாளில் மண்பானை தணல்மேல் சூடாகவே கிடந்தது. இன்று தணல் எங்கே? கொதியிலும் சாகாத கிருமி வித்துக்கள் சில உண்டு. பெரிய பாத்திரத்தில் மெல்ல ஆறுகிற இறைச்சிச் சாறு அவற்றுக்குக் கலியாண விருந்து. சின்னப் பாத்திரங்களில் பகிர்ந்து, பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் மூன்று நாள் தாங்கும். மேலே படியும் கொழுப்பை எடுத்துத் தாளிதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எடுத்துப் பரிமாறும் போதெல்லாம் நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும்.

வெந்த சக்கையை நாய்க்குப் போடாதீர்கள். சிம்பாக உடைந்து தொண்டையில் குத்தும். எலும்புத் தூள் பயிருக்கு நல்ல மணிச்சத்து உரம். ஆகையால் கொல்லையில் கறிவேப்பிலை மரத்தடியில் நாய் தோண்டாத ஆழத்துக்குக் குழி பறித்து அங்கே புதைத்துவிடலாம். தோட்டமில்லாத வீட்டுக்காரர்கள், எலுமிச்சைச் செடி வைத்திருக்கும் அடுத்த வீட்டு அம்மாளைக் கேட்டுப் பார்க்கலாம், வேண்டாமென்று சொல்லமாட்டார்.