நாள் பார்த்தால் போதுமா?

தலைப் பிரசவம் தாய் வீட்டில்தான். இது தமிழ்நாட்டு வழக்கம்.

மகள் பக்கத்து ஊரில் இருந்தாலும் சரி, சிங்கப்பூரில் இருந்தாலும் சரி, ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்துவார்கள். பிறகு அழைத்து வந்துவிடுவார்கள்.

அதற்கு நல்ல நாள் பார்க்கிறார்கள். ராகு காலம், எமகண்டம் பார்க்கிறார்கள். எந்த விமானத்தில் டிக்கெட் மலிவு என்றும் பார்க்கிறார்கள். ஒன்றை மட்டும் பார்ப்பதில்லை.

அது என்ன? பயண இன்சூரன்சு பத்திரம்!

பிரசவம் சேராது

வெளிநாடு போகிறவர்கள் ஒரு சிறு தொகை கட்டி இந்த இன்சூரன்சை எடுக்கிறார்கள். போன இடத்தில் திடீரென்று நோய் வந்தால், ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி கொடுக்கும்.

"அப்படியானால் பிரசவச் செலவையும் கொடுக்கும்" என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு.

காலில் அடிபடுவது எதிர்பாராதது; பிரசவம் எதிர்பார்த்தது. இதுதான் கம்பெனிகளின் கணக்கு. ஆகவே, பெரும்பாலான பத்திரங்களில் பிரசவச் செலவு சேராது. கர்ப்பிணிக்குத் திடீர் ஆபத்து வந்தால் மட்டும் சில கம்பெனிகள் பணம் கொடுக்கும். அதற்கும் இத்தனை வாரம் வரை என்று வரம்பு உண்டு.

குழந்தை முன்கூட்டியே பிறந்துவிட்டால்? அதன் பெயர் பத்திரத்தில் இல்லை. குழந்தையின் செலவு குடும்பத்தின் தலையில் விழும்.

9½ லட்சம் டாலர்

நடந்த சம்பவம் ஒன்று உண்டு. 2013-ம் ஆண்டில் கனடா நாட்டுக் கர்ப்பிணி ஒருவர் ஹவாய்த் தீவுக்குப் போனார். டாக்டரிடம் அனுமதி வாங்கினார். இன்சூரன்சும் எடுத்தார்.

போன இடத்தில் பனிக்குடம் உடைந்தது. பல வாரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். 9 வாரம் முன்னதாகவே குழந்தை பிறந்தது. தாயும் சேயும் பிழைத்தார்கள். ஆனால் பில் எவ்வளவு தெரியுமா? சுமார் 9½ லட்சம் அமெரிக்க டாலர்! அன்றைய மதிப்பில் 5 கோடி ரூபாய்க்கும் மேல்.

"இவருக்கு முன்பே உடல்நலக் கோளாறு இருந்தது" என்று கூறி, இன்சூரன்சு கம்பெனி கையை விரித்துவிட்டது.

இதிலிருந்து தெரிவது என்ன? டாக்டர் சான்று விமானம் ஏறுவதற்குத்தான். பணம் வாங்க அது மட்டும் போதாது.

ஏழாம் மாதம்

நான்கு வாரம் ஒரு மாதம் என்று வைத்தால், ஏழு மாதம் முடியும்போது 28 வாரம் ஆகிவிடுகிறது. 28 வாரத்துக்குப் பிறகு பல விமானக் கம்பெனிகள் டாக்டர் சான்று கேட்கின்றன. 36 வாரத்தைத் தாண்டினால் பெரும்பாலும் ஏற்றுவதில்லை. இரட்டைக் குழந்தை என்றால் இன்னும் முன்பே நிறுத்திவிடுவார்கள்.

நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை பயணத்துக்கு ஏற்ற காலம் என்பது டாக்டர்களின் கருத்து. முதலில் பத்திரமாக ஊர் வந்து சேரட்டும். வளைகாப்பைத் தாய் வீட்டிலேயே நடத்தலாமே! சம்பந்தி வீட்டார் இதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான்கு கேள்விகள்

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை:

1. கர்ப்பத்தால் வரும் ஆபத்துக்குப் பணம் உண்டா?

2. எத்தனை வாரம் வரை?

3. குறைப் பிரசவம் ஆனால் குழந்தைக்கும் உண்டா?

4. ரத்த அழுத்தம், சர்க்கரை முன்பே இருந்தால் என்ன?

பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். ஏஜெண்டு வாயால் சொல்வது பிறகு நிற்காது.

"கர்ப்பத்தைச் சொன்னால் பணம் அதிகம் கேட்பார்கள்" என்று சிலர் மறைக்கிறார்கள். இது தன் கண்ணைத் தானே குத்திக்கொள்வது போன்றது. மறைத்தது தெரிந்தால் கம்பெனி ஒரு காசும் கொடுக்காமல் போகலாம்.

கம்பெனிகளின் கடமை

குற்றம் குடும்பத்தின்மேல் மட்டும் அல்ல. "பிரசவம் சேராது" என்ற வரி, பத்திரத்தின் உள்ளே பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் கிடக்கிறது. கிராமத்துத் தாய் அதை எப்படிப் படிப்பாள்?

மருத்துவ இன்சூரன்சு எடுப்பவர் கேட்டால், முக்கிய விவரங்களை அவர் மொழியிலேயே கொடுக்க வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் இந்தியாவில் இந்த விதி இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால், கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாதே! கேட்காமலே கொடுப்பதுதான் நியாயம். பயண இன்சூரன்சு பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், தமிழில் அந்த வரி இருக்க வேண்டும்.

அதுவரை குடும்பத்தார்தான் விழிப்பாக இருக்க வேண்டும். பஞ்சாங்கத்தைப் புரட்டும் கை, இன்சூரன்சு பத்திரத்தையும் ஒருமுறை புரட்டட்டும். புரியாவிட்டால், படித்தவர் ஒருவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லட்டும். அதன் பிறகு டிக்கெட் வாங்கலாம்.