பழைய காருக்கு எது ஏற்றது?



எங்கள் வீட்டில் 1985 ஆம் ஆண்டு வாங்கிய பிரீமியர் பத்மினி கார் ஒன்று இருக்கிறது. 78 வயதிலும் என் தந்தையார் வாரம் ஒருமுறை அதைத் தாமே ஓட்டிக்கொண்டு கோவைச் சந்தைக்குப் போய்வருகிறார். சென்ற ஆண்டு அந்தக் கார் தொல்லை கொடுக்கத் தொடங்கியது. சிக்னலில் நின்று கிளம்பும்போது எஞ்சின் திணறியது. சில சமயம் ‘டப்’ என்ற ஓசையுடன் நின்றும் போயிற்று.

“கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்‌ஷன் மாட்டிவிடலாம் சார்” என்றார் பட்டறைக்காரர். “நாற்பது வருஷம் ஒழுங்காக ஓடிய கார்புரேட்டர் இப்போது மட்டும் ஏன் கெட வேண்டும்?” என்று தந்தையார் கேட்டார். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளோ, “புதுசுதான் நல்லது தாத்தா” என்றாள்.

பழையது என்பதோ புதியது என்பதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போதிய காரணம் ஆகாது. இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று முதலில் பார்ப்போமா?

1 கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு மிகுதியாக வெளிவரும். காற்று அளவுக்கு மீறினால் எஞ்சின் திணறும். இந்த விகிதத்தைக் காப்பதுதான் இரு கருவிகளுக்கும் உள்ள வேலை.

கார்புரேட்டரின் உள்ளே இடுப்புச் சிறுத்த குழாய் ஒன்று உண்டு. இதற்கு வெஞ்சுரி என்று பெயர். அதன் வழியே விரைந்து செல்லும் காற்றின் அழுத்தம் குறைகிறது. 1738 இல் பெர்னூலி தம் நூலில் விளக்கிய தத்துவம் இது. நீங்களும் பாடத்தில் படித்திருப்பீர்கள். அழுத்தம் குறைந்த அந்த இடத்திற்குப் பெட்ரோல், ‘ஜெட்’ என்னும் நுண்துளை வழியே பாய்கிறது. மின்சாரம் இல்லை, கணிப்பொறி இல்லை. எத்தனை எளிய ஏற்பாடு!

ஆனால் கார்புரேட்டருக்குத் தெரிவதெல்லாம் அழுத்த வேறுபாடு ஒன்றுதான். காற்று அடர்த்தியானதா, லேசானதா என்பதை அது அறியாது. கலவையின் காற்று விகிதம், காற்றின் அடர்த்தியுடைய வர்க்கமூலத்திற்கு ஏற்ப மாறும். உதகமண்டலம் சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோவையைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு என்று கொள்வோம். கணக்கிட்டுப் பாருங்கள். அங்கே கலவையில் பெட்ரோல் சுமார் 8 சதவீதம் மிகுந்துவிடும். மலைக்கு ஏறிய பழைய காரின் ஸ்பார்க் பிளக்கில் கரி படிவதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது எரிபொருள். 2025 ஆம் ஆண்டுக்குள் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் என்ற அளவை எட்டியது. எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால், 1 கிலோகிராம் எரிய ஏறத்தாழ 9 கிலோகிராம் காற்றே போதும். 20 சதவீதக் கலவைக்கோ சுமார் 13.5 கிலோகிராம் தேவை. ஆனால் பழைய ஜெட் பழைய கணக்கின்படியே பெட்ரோலை விடுகிறது. எனவே காற்று சுமார் 9 சதவீதம் மிகுந்துவிடுகிறது.

தந்தையாரின் கேள்விக்கு இங்கே விடை கிடைத்தது. கார்புரேட்டர் கெடவில்லை, பெட்ரோல்தான் மாறியிருக்கிறது! வேடிக்கை என்னவென்றால், இதே கார் உதகையில் நன்றாக ஓடும். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் அல்லவா?

பீச்சுமுறை வேறு வகையானது. மின்பம்பு பெட்ரோலைச் சுமார் 3 வளிமண்டல அழுத்தத்தில் தள்ளுகிறது. காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் உணர்விகள் அளக்க, எவ்வளவு பீச்ச வேண்டும் என்பதைக் கணிப்பொறி முடிவு செய்கிறது. 1970-களின் பிற்பகுதியில் புகைக்குழாயில் ஆக்சிஜன் உணர்வி ஒன்றும் சேர்ந்தது. புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்த்து, கருவி தன் தவற்றைத் தானே திருத்திக்கொள்ளும். மலையானாலும் எத்தனாலானாலும் அது ஈடுகொடுக்கும்.

அப்படியானால் பீச்சுமுறையையே மாட்டிவிடலாமா? என் கருத்து இதுதான். நாள்தோறும் நகர நெரிசலில் ஓடும் பழைய கார் என்றால் மாட்டலாம். அதன் புகையைச் சுவாசிப்பவர்கள் நீங்களும் நானும்தான். ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. ஆக்சிஜன் உணர்வி கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத பீச்சுமுறை எத்தனாலை அறியாது. பழைய ரப்பர் குழாய்களை மாற்ற வேண்டும். 3 வளிமண்டல அழுத்தத்தில் அவை வெடித்தால் தீவிபத்துதான். பேட்டரியும் மின்னாக்கியும் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

எங்கள் கார் வாரம் ஒருநாள் ஓடுவது. ஆகவே கார்புரேட்டரை வைத்துக்கொண்டோம். எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் போட்டு, ஜெட்டை மாற்றினோம். பெட்ரோல் 9 சதவீதம் கூடுதலாகப் பாய, துளையின் விட்டம் 4 சதவீதம் கூடினால் போதும். எடுத்துக்காட்டாக, 1.20 மில்லிமீட்டர் துளைக்குப் பதில் 1.25. திணறல் நின்றது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கோவைக்குச் சரியான இந்த ஜெட், உதகைக்குத் தவறானது. அங்கே ஏறினால் கார் மீண்டும் கரியைக் கக்கும். ஆண்டுக்கொருமுறை காரில் உதகைக்குப் போகும் பழக்கமுள்ள என் தந்தையார் சற்று யோசித்தார். “சரி, இனிமேல் பஸ்ஸில் போவோம்” என்றார்.

2020 ஏப்ரலுக்கு முன் வாங்கிய மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ உங்கள் வீட்டில் இருக்கிறதா? பெரும்பாலும் அதில் கார்புரேட்டர்தான் இருக்கும். அது திணறினால், கருவியைக் குறை சொல்லுமுன் நீங்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.