சிறியதை மறைக்கும் சராசரி

படங்களில் உள்ள பொருள்களை நரம்பணு வலையமைப்புகளைக் கொண்டு கண்டறியும் ஆய்வுகள் இன்று நம் கல்வி நிறுவனங்கள் பலவற்றில் நடைபெறுகின்றன. ஆய்வேடாயினும் கட்டுரையாயினும் அதன் முடிவுரையில் பெரும்பாலும் ஒற்றை எண் ஒன்று நிற்கும். சராசரித் துல்லியம் என்று அதற்குப் பெயர். முந்தைய முறையைக் காட்டிலும் அவ்வெண் ஒரு புள்ளி கூடியிருந்தால் ஆய்வு வெற்றி பெற்றதாகக் கொள்கிறோம். அந்த ஒற்றை எண்ணை மட்டும் சான்றாகக் காட்டி ஒரு முறையைச் சாலைக்குத் தகுதியானது என்று எழுதும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம். பொருளின் அளவைப் பற்றி அவ்வெண் வாய் திறப்பதில்லை. சாலையிலோ, உயிர் தப்புவதும் தப்பாததும் அந்த அளவைப் பொறுத்தே அமைகிறது.

அளவு என்று இங்குக் குறிப்பது படத்தில் ஒரு பொருள் பெறும் பிக்சல்களின் எண்ணிக்கையை. அது தொலைவைப் பொறுத்தது. குவியத் தொலைவு 1000 பிக்சல் உள்ள ஒரு கேமராவை எடுத்துக்கொள்வோம். 1.6 மீட்டர் உயரமுள்ள ஒருவர் 10 மீட்டர் தொலைவில் நின்றால் படத்தில் 160 பிக்சல் உயரம் பெறுவார். 50 மீட்டரில் 32 பிக்சல். 100 மீட்டரில் வெறும் 16 பிக்சல். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் அந்த 100 மீட்டரை 3.6 நொடியிலும் 50 மீட்டரை 1.8 நொடியிலும் கடந்துவிடும். ஆக, பிரேக்கை அழுத்த அவகாசம் இருக்கும்போது சாலையைக் கடப்பவர் படத்தில் மிகச் சிறியவர். அவர் பெரியவராகத் தெரியும்போது அவகாசம் தீர்ந்துவிடுகிறது. சிறு பொருள்களைக் கண்டறிவதை ஆய்வின் ஓரத்தில் கிடக்கும் சிறப்பு வழக்காகக் கருதுவது தவறு என்பதற்கு இந்த எளிய கணக்கே போதும்.

இச்சிக்கலை முன்னோடிகள் அறியாதவர்கள் அல்லர். 2001இல் வயோலாவும் ஜோன்ஸும் முகங்களைக் கண்டறிய ஒரே சாளரத்தைப் பல அளவுகளில் பெரிதாக்கிப் படம் முழுவதும் நகர்த்தினர். அதற்கும் முன்பிருந்தே ஒரு படத்தைப் படிப்படியாகச் சிறிதாக்கி அடுக்கும் படப் பிரமிடு வழக்கில் இருந்தது. ஆழ்கற்றல் வந்தபின் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. சுருள் வலையமைப்பு ஒவ்வொரு கட்டத்திலும் படத்தைச் சுருக்கிக்கொண்டே செல்கிறது. வழக்கமான வலையமைப்புகளின் இறுதி அடுக்கில் மூலப்படத்தின் 32க்கு 32 பிக்சல் பரப்பு ஒரே ஒரு கட்டமாகிவிடும். மேற்சொன்ன கணக்கில் 100 மீட்டர் தொலைவில் நிற்பவர் அந்தக் கட்டத்தின் பாதி உயரத்தைக்கூடத் தாண்டமாட்டார். பொருள் இன்னதென்று அறியும் திறன் ஆழ்ந்த அடுக்கில் மிகுதி, ஆனால் இடம் மங்கிவிடுகிறது. மேலடுக்கில் இடம் தெளிவு, ஆனால் பொருளறிவு குறைவு.

இந்த இருமுனைச் சிக்கலுக்கு 2017இல் லின் குழுவினர் முன்வைத்த பண்புப் பிரமிடு வலையமைப்பு அழகான விடை. ஆழ்ந்த அடுக்கின் பொருளறிவைப் படிப்படியாகப் பெரிதாக்கி, அதே அளவுள்ள முந்தைய அடுக்கின் இடத்தெளிவோடு பக்கவாட்டு இணைப்பின் வழியே கூட்டுவது அதன் வேலை. சிறு பொருளை நுண்ணிய அடுக்கிலும் பெரும் பொருளைத் தடித்த அடுக்கிலும் தேடலாம். இன்றைய கண்டறி முறைகளுள் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இக்கருத்தின் வழித்தோன்றல்களே. ஆயினும், படத்தில் இல்லாத தகவலை எந்தப் பிரமிடும் உண்டாக்கித் தராது. உள்ளீட்டுப் படத்தைச் சுருக்கும்போதே ஒருவர் மறைந்துபோனால், பின்னர் எத்தனை அடுக்குகளை இணைத்தும் பயனில்லை.

மதிப்பிடும் முறையும் சிறியவற்றுக்குக் கடுமையானது. கண்டறிந்த பெட்டிக்கும் உண்மைப் பெட்டிக்கும் உள்ள வெட்டுப் பரப்பைச் சேர்ப்புப் பரப்பால் வகுத்து, அது 0.5க்குக் குறையாதிருந்தால் சரி என்கிறோம். 128 பிக்சல் பக்கமுள்ள சதுரப் பெட்டி கிடையாகவும் செங்குத்தாகவும் 4 பிக்சல் விலகினால் இவ்விகிதம் 0.88. அதே விலகல் 16 பிக்சல் பெட்டிக்கு நேர்ந்தால் 0.39. முன்னது வெற்றி, பின்னது தோல்வி. ஆளைக் கண்டுகொண்டும் கணக்கில் காணாதவராகும் நிலை இது. எனவே சிறு பொருள்களில் கிடைக்கும் குறைந்த மதிப்பெண்ணில் எவ்வளவு காணாமையால் வந்தது, எவ்வளவு இடம் பிசகியதால் வந்தது என்று பிரித்துக் காட்டாமல் விடுவதும் முழுமையான ஆய்வாகாது.

ஒரே சராசரிக்குள் எத்தகைய வேறுபாடு ஒளிந்திருக்க முடியும் என்பதற்கு 2020இல் வெளிவந்த டெட்ர் கட்டுரை தக்க சான்று. கோகோ தரவுத்தொகுப்பில் அம்முறை, நன்கு மெருகேற்றிய ஃபாஸ்டர் ஆர்-சிஎன்என் முறையோடு ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணைப் பெற்றது; இரண்டும் 42. அளவுவாரியாகப் பிரித்தால் கதை வேறு. பெரிய பொருள்களில் டெட்ர் ஏழுக்கும் மேற்பட்ட புள்ளிகள் முந்தியது; சிறிய பொருள்களில் ஐந்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் பின்தங்கியது. ஆசிரியர்கள் இதை மறைக்காமல் எழுதினர். அதனாலேயே அடுத்து வந்த ஆய்வாளர்கள் பல அளவுப் பண்புகளைச் சேர்த்து அக்குறையைக் களைய முடிந்தது. குறையை அளந்து சொன்னதே துறையை நகர்த்தியது. ஒற்றை எண்ணோடு நின்றிருந்தால் இரண்டும் சமம் என்று நாம் கடந்துபோயிருப்போம்.

கோகோவின் வரையறைப்படி 32க்கு 32 பிக்சலுக்குக் குறைந்த பரப்புடையவை சிறியவை. 96க்கு 96ஐத் தாண்டியவை பெரியவை. அதிலுள்ள பொருள்களில் ஏறத்தாழ 41 விழுக்காடு சிறியவையே. அதன் மதிப்பீட்டு மென்பொருள் ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு எண்களை அச்சிடுகிறது. சிறிய, நடுத்தர, பெரிய பொருள்களுக்கான துல்லியமும் மீட்பும் அவற்றுள் அடக்கம். நம் ஆய்வேடுகள் பல அவற்றுள் முதல் ஒன்றையோ இரண்டையோ எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகின்றன. கூடுதல் உழைப்பு ஏதுமின்றித் திரையில் தெரியும் எண்களை அட்டவணையில் சேர்க்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

தரவுத்தொகுப்புகளே சிறியவற்றை விலக்குவதும் உண்டு. 2012இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உருவான கிட்டி, தன் மதிப்பீட்டின் எளிய நிலையில் 40 பிக்சல் உயரத்துக்குக் குறைந்தவற்றையும், கடின நிலையில்கூட 25 பிக்சலுக்குக் குறைந்தவற்றையும் கணக்கில் கொள்வதில்லை. அதன் கேமராவின் குவியத் தொலைவு ஏறத்தாழ 721 பிக்சல். கணக்கிட்டால், 1.6 மீட்டர் உயரமுள்ளவர் சுமார் 46 மீட்டருக்கு அப்பால் போனதும் தேர்விலிருந்தே நீங்கிவிடுகிறார். அவரைக் கண்டாலும் மதிப்பெண் இல்லை, காணாவிட்டாலும் இழப்பில்லை. ஓர் ஆய்வுத் தேர்வுக்கு இப்படியொரு எல்லை தேவைப்படலாம். ஆனால் அந்த எல்லையைக் குறிப்பிடாமல், வாகனம் பாதசாரிகளைக் காண்கிறது என்று முடிவு எழுதுவது சரியன்று.

நம் நாட்டுச் சூழலில் இது இன்னும் கூர்மையாகிறது. ஹைதராபாத், பெங்களூரு நகரங்களிலும் அவற்றின் புறநகர்களிலும் பதிவான 182 பயணங்களிலிருந்து 10,004 படங்களைத் தேர்ந்து 34 வகைகளாகக் குறித்தது இந்திய ஓட்டுநர் தரவுத்தொகுப்பு. ஆட்டோ, விலங்குகள், ஒழுங்கான விளிம்பற்ற சாலை என நம் தெருக்களின் இயல்பு அதில் உள்ளது. பெரும்பாலான படங்கள் 1080 பிக்சல் உயரமுடையவை. ஆய்வுக்கூடத்தின் ஜிபியு நினைவகம் போதாமல் 1920 பிக்சல் அகலப் படத்தை 640க்குச் சுருக்கினால், 32 பிக்சல் உயரத்தில் இருந்தவர் 11 பிக்சலுக்கு இறங்கிவிடுவார். எட்டு பிக்சலுக்கு ஒரு கட்டம் வீதம் தேடும் நுண்ணிய அடுக்கிலும் அவருக்குக் கிடைப்பது ஒரு கட்டமும் சிறிதும். கட்டமைப்பில் புதுமை செய்ததாக எழுதும் நாம், உள்ளீட்டு அளவை ஒரு வரியில்கூடக் குறிக்காமல் போவதுண்டு.

படத்தைச் சுருக்காமலே கொடுக்கலாமே என்று கேட்கலாம். பக்க அளவை இரட்டித்தால் சுருள் வலையமைப்பின் கணிப்பு நான்கு மடங்காகும். முழுமையான கவனப் பொறிமுறையில் அது பதினாறு மடங்கை நெருங்கும். படத்தைத் துண்டுகளாக வெட்டித் தேடினால் நேரம் கூடும். பெரிய பொருள்கள் துண்டுகளின் விளிம்பில் பிளவுபடும். 2018இல் சிங், டேவிஸ் இருவரும் செய்த பகுப்பாய்வு, பெரிதாக்குவதோடு நிற்காமல் ஒவ்வோர் அளவிலும் அதற்குப் பொருந்தும் பொருள்களை மட்டும் கொண்டு பயிற்றுவிப்பது பயன் தருவதைக் காட்டியது. எல்லா வழிக்கும் ஒரு விலை உண்டு. வசதி குறைந்த ஆய்வுக்கூடங்கள் குறைந்த அளவுப் படங்களையே பயன்படுத்துவது குற்றமாகாது. அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவதே குறை.

இன்னொரு மறுப்பும் உண்டு. சிறு பொருளில் தகவலே குறைவு, மனிதக் கண்ணும் அங்கே தடுமாறும், பிறகு ஏன் இயந்திரத்தை மட்டும் குறை சொல்வது? உண்மைதான். ஆனால் தொலைவில் ஏதோ அசைவது தெரிந்தால், அது இன்னதென்று புரியும் முன்பே நல்ல ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். தம் பார்வையின் எல்லை அவருக்குத் தெரியும். நம் முறைகளுக்கும் அவற்றைப் பயன்படுத்துவோருக்கும் அந்த எல்லை தெரியவேண்டுமானால், முதலில் நாம் அதை அளந்து எழுத வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. ஆய்வு மாணவர்கள் சிறிய, நடுத்தர, பெரிய பொருள்களுக்கான மதிப்பெண்களைத் தனித்தனியே அட்டவணையில் தருக. உள்ளீட்டுப் பட அளவையும் மூலப்பட அளவையும் அருகருகே குறிக்க. சாலை, கண்காணிப்பு போன்ற பயன்பாடுகளைப் பற்றி எழுதுவோர் கேமராவின் விவரம் கிடைக்குமிடத்தில் பிக்சலை மீட்டராக்கி, எத்தனை மீட்டர் வரை எவ்வளவு மீட்பு என்று சொல்லுக. நெறியாளர்களும் தேர்வாளர்களும் வாய்மொழித் தேர்வில், சராசரி எவ்வளவு கூடியது என்ற கேள்விக்குப் பின், எந்த அளவுப் பொருள்களில் கூடியது, எவற்றில் குறைந்தது என்றும் கேட்குக. இவற்றுக்குப் புதிய கருவியும் வேண்டா, நிதியும் வேண்டா.

மாற்றுக் கருத்துடைய நண்பர்கள், குறிப்பாகக் குறைந்த கணிப்பு வசதியோடு இத்துறையில் உழைப்பவர்கள், தங்கள் அட்டவணைகளோடு இங்கே எழுதினால் உரையாடல் பயனுள்ளதாக அமையும்.