ஓரத்தில் ஓடும் கத்தி

வீட்டுத் தையலில் ஓவர்லாக் இயந்திரத்துக்கு இடம் உண்டா என்ற கேள்வியை இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் எழுப்புவது சிலருக்கு வியப்பளிக்கலாம். தையல் என்ற ஒரே சொல்லால் பெண்ணையும் தைக்கும் தொழிலையும் குறித்த மொழியில் இந்த வியப்பு தேவையில்லை என்பது நம் எண்ணம். சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரை அடுக்கிச் சொல்லும்போது துணி தைப்போரைத் துன்னகாரர் என்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலனைக் காண வந்த பொருநனின் கந்தையிலோ, அதை நெய்த நூலைவிடத் தைத்த வேற்று நூலே கண்ணில் படுகிறது. மன்னன் அதைக் களையச் செய்து நுண்ணிய ஆடை தந்தான் என்று நாம் வகுப்பில் மகிழ்ந்து பாடம் நடத்துகிறோம். அந்தக் கந்தையைத் தைத்துத் தைத்து அதுவரை காத்த கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஓவர்லாக் குறித்து நாம் கேட்கும் கருத்துகள் பெரும்பாலும் இரண்டே. கைவினை ஆர்வலர்களுக்கு அது தொழிற்சாலைத் தையல். வீட்டுக்குள் வரத் தகாதது. புதிதாக வாங்கியவர்களுக்கோ அது சாதாரணத் தையல் இயந்திரத்தை மூலையில் தள்ளிவிடப் போகும் அற்புதம். இரு சாராரும் இயந்திரத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே சொல்வோம்.

சாதாரணத் தையல் இயந்திரத்தில் மேலே ஒரு நூல், கீழே பாபினில் ஒரு நூல். இரண்டும் துணிக்கு நடுவே கோத்துக்கொள்கின்றன. ஓவர்லாக்கில் பாபினே கிடையாது. ஓர் ஊசியோ இரண்டு ஊசியோ துணியைத் துளைக்க, லூப்பர் எனப்படும் வளைந்த கரங்கள் இரண்டு நூலை ஓரத்தைச் சுற்றி எடுத்துவந்து ஊசிநூலோடு பின்னுகின்றன. அவற்றுக்குச் சற்று முன்னால் ஒரு கத்தி ஓடியபடியே பிசிறை நறுக்கிக்கொண்டு போகும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மெரோ குடும்பத்தாரின் பின்னலாடை ஆலையை ஒட்டிப் பிறந்த இயந்திரம் இது. 1881ஐ அதன் பிறப்பாண்டாகச் சொல்வது வழக்கம். பின்னல் துணிக்குப் பிறந்ததால் பின்னல் துணியின் குணம் இதற்குத் தெரியும். பனியனை நேர்த்தையலில் தைத்தால் துணி நீளும்போது நூல் அறும்; ஓவர்லாக்கின் வளையங்கள் துணியோடு சேர்ந்து நீளும். திருப்பூர் பனியன் எதையாவது உள்புறம் திருப்பிப் பார்த்தால் போதும். இதற்கு விலையும் உண்டு. ஒரு மீட்டர் நேர்த்தையலுக்கு ஏறத்தாழ 2.5 மீட்டர் நூல் போதும். மூன்று நூல் ஓவர்லாக்குக்குச் சுமார் 14 மீட்டர் வேண்டும்.

ஆனால் நூலைவிட நமக்குக் கவலை தருவது அந்தக் கத்தி.

நம் ஊர்த் தையற்காரப் பெண்கள் ரவிக்கை தைக்கும்போது பக்கவாட்டில் ஓர் அங்குலமாவது உள்ளே துணி விட்டுத் தைப்பார்கள். பள்ளிக்கூடப் பாவாடையின் கீழ் மடிப்பில் இன்னும் தாராளமாகவே விடுவார்கள். அந்தத் துணி வெளியே தெரியாது. ஆனால் அடுத்த ஆண்டு பிள்ளை வளர்ந்ததும், பிரசவத்துக்குப் பின் உடம்பு பெருத்ததும், அக்காளின் சட்டை தங்கைக்குப் போனதும் வேலை செய்யப் போவது அதுதான். ஒரு தையலைப் பிரித்தால் ஒரு வருடம் கிடைக்கும். கடையில் வாங்கும் ஆயத்த ஆடையில் இந்த மிச்சம் இராது. கத்தி அதை அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக நறுக்கித் தள்ளியிருக்கும். இறுகினால் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. தொழிற்சாலைக்கு அது சரி, துணியின் ஒவ்வொரு அங்குலமும் அவர்களுக்குக் கணக்கு. வீட்டின் கணக்கு வேறு.

இதனால் ஓவர்லாக் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உள்ளே விட்ட துணியும் பிசிறு பிரிந்தால் இரண்டாம் ஆண்டுக்கு நிற்காது. அதைக் கட்டிக்காக்க ஓவர்லாக்கைவிட நல்ல வழி இல்லை. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இரு துணிகளையும் சேர்த்து ஒரே ஓட்டமாக நறுக்கித் தைக்காமல், ஒவ்வோர் ஓரத்தையும் தனித்தனியே ஓவர்லாக் அடித்துவிட்டு, பிறகு சாதாரண இயந்திரத்தில் வேண்டிய அளவு உள்ளே தள்ளித் தைப்பது. வீட்டுக்கென விற்கப்படும் ஓவர்லாக்குகள் பலவற்றில் மேல்கத்தியை ஒதுக்கி வைக்கவும் முடியும். அப்போது துணி விளிம்பைத் தாண்டிச் செல்லாமல் கை பார்த்துக்கொள்ள வேண்டும், தாண்டினால் லூப்பரில் சுருண்டு சிக்கும். கத்தியை ஒதுக்காமல் தைப்பவர்கள் குண்டூசியை அதன் வழியில் விட்டுவிடக் கூடாது. கத்தியும் போகும், துணுக்கு கண்ணிலும் தெறிக்கும்.

துண்டுத் துணிகளை இணைத்துச் செய்யும் போர்வைகளுக்கு வருவோம். மேற்கத்திய நாடுகளில் குயில்ட் எனப்படும் இவற்றையும் ஓவர்லாக்கில் தைக்கிறார்கள். அடித்துணி, பஞ்சுப் படலம், மேல்துண்டு மூன்றையும் அடுக்கி, அடுத்த துண்டைக் கவிழ்த்து வைத்து ஓரத்தில் ஓட்டி, பிறகு திருப்பி விரிப்பது முறை. ஒரே தையல் துண்டுகளை இணைக்கிறது, அடுக்குகளையும் பிணைக்கிறது. கால் அங்குல விளிம்பு தானாகவே அமைகிறது. நேர்கோட்டுப் பட்டைகளுக்கு இது மிகப் பொருத்தம். திருப்பூரில் எடை போட்டு விற்கும் வெட்டுக் கழிவுகளை வாங்கிப் பிள்ளைகளுக்குப் போர்வை தைக்க நினைப்பவர் வேறு இயந்திரத்தைத் தேட வேண்டியதில்லை. நான்கு துண்டுகள் கூடும் மூலையில் மட்டும் தையல் தடித்துவிடும். ஒரு வரிசையின் விளிம்புகளை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் சாய்த்துத் தேய்த்தால் அடங்கும்.

பழஞ்சேலைப் போர்வைக்கு இந்த இயந்திரத்தைக் கொண்டுபோவதை மட்டும் நம்மால் ஏற்க முடியவில்லை. வங்காளத்துக் காந்தா, வட கர்நாடகத்துக் கௌதி எல்லாம் நைந்த துணிகளை அடுக்கி, பரப்பு முழுவதும் ஓட்டுத் தையல் போட்டவை. நைந்த துணிக்கு ஓரத்தில் அல்ல, உடம்பு முழுவதும் தாங்கல் வேண்டும். ஓவர்லாக்கால் துணியின் நடுவே ஒரு தையல்கூடப் போட முடியாது. உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி இன்னும் சுவையானது. அவர்கள் மூலையில் தொடங்கி, ஓரத்துத் துண்டுகளை உள்ளே மடக்கித் தைத்தபடி சுற்றிச் சுற்றி நடுப்பகுதிக்கு வந்து முடிக்கிறார்கள். பிசிறு முதல் சுற்றிலேயே மடிப்புக்குள் போய்விடுவதால் கத்திக்கு அங்கே வேலையே இல்லை.

தமிழ்நாட்டில் கணவனை இழந்தோர், கைவிடப்பட்டோர், வறியவர் ஆகிய பெண்களுக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தின்கீழ் அரசு இயந்திரம் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் அது சாதாரணத் தையல் இயந்திரம். அதில் ரவிக்கை தைத்துப் பிழைக்கும் பெண், வாடிக்கையாளர் ஓவர்லாக் கேட்டால் தைத்ததை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடக்கிறாள். அங்கே கூலியில் ஒரு பங்கு போகிறது, அரை நாளும் போகிறது. கடைக்காரர் வேகத்தில் ஓட்டும்போது அவள் விட்டுவைத்த ஓரங்குலமும் சில நேரம் கத்தியோடு போய்விடுகிறது. ஆளுக்கொன்று தருவது இயலாது என்றால் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு ஒன்று தரலாம். சத்துணவுத் திட்ட மாணவர்களின் சீருடைகளைத் தைக்கும் மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றின் வழியே தொடங்குவது எளிது. இயந்திரத்தோடு பயிற்சியும் தருவார்கள் அல்லவா, அதன் முதல் நாள் பாடமாக மேல்கத்தியை ஒதுக்கி வைக்கும் விதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.